குளிர்காலத்தை ஓய்வுக்காலம் என்று எழுதியவர் யார்?

மொழியியல் படித்த எவருக்கும் ஒரு செம்மறியாடு அறிமுகமாகியிருக்கும். இந்தோ-ஐரோப்பிய மூலமொழி எவ்வாறு ஒலித்திருக்கும் என்று காட்டுவதற்காக, 1868இல் ஆகஸ்ட் ஷ்லைஹர் அம்மொழியிலேயே ஒரு குறுங்கதையை இயற்றினார். உரோமம் இழந்த செம்மறியொன்று, மனிதனுக்காகச் சுமை இழுக்கும் குதிரைகளைக் கண்டு மனம் வருந்துகிறது. குதிரைகளோ, ‘உன் உரோமத்தை அவன் உடையாக்கிக்கொண்டானே’ என்னும் பொருள்பட மறுமொழி சொல்கின்றன. செம்மறி சமவெளிக்கு ஓடிவிடுகிறது. ஒன்றரை நூற்றாண்டாக அறிஞர்கள் அக்கதையைத் திருத்தித் திருத்தி எழுதிவருகின்றனர். உயிரொலிகள் மாறின, வேற்றுமை உருபுகள் மாறின. உரோமமில்லாத அந்த ஆடு அடுத்து வந்த குளிர்காலத்தில் எங்கே நின்றது, எதைத் தின்றது, யார் போட்டார்கள் என்ற கேள்வி மட்டும் எந்தப் பதிப்பிலும் எழவில்லை.

அது கற்பனை ஆடு, போகட்டும். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் ஆட்டுக்கும் இந்திய ஆய்வுலகம் இதையே செய்துகொண்டிருப்பதுதான் சிக்கல். கோடையில் அதைப் பார்க்கிறார்கள். பனி விழுந்ததும் கைவிடுகிறார்கள். ‘குளிர்கால வேலையின்மை’, ‘உறங்கும் பருவம்’, ‘துணைத் தொழில்’, ‘திறன் தேவைப்படாத பராமரிப்பு’ முதலான தொடர்கள் மலைநாட்டு வேளாண்மை குறித்த எழுத்துகளில் கேள்வியின்றிப் புழங்குகின்றன. சொற்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்களும் இவற்றைக் கேள்வி கேட்பதில்லை. சிறு விவசாயி வீட்டில் செம்மறி வளர்ப்பின் கடினமான, நுட்பமான பகுதி நடப்பது குளிர்காலத்தில்தான். அந்தப் பகுதியை ‘ஓய்வு’ என்று பெயரிட்டு அழித்தது, அதைப் பார்க்கப் போகாத ஆய்வாளர்களின் மொழி.

முதலில், ஏன் பார்க்கப் போவதில்லை? 1983இல் வெளியான ‘ரூரல் டெவலப்மெண்ட்: புட்டிங் த லாஸ்ட் ஃபர்ஸ்ட்’ என்ற நூலில் ராபர்ட் சேம்பர்ஸ், ஊர்ப்புறத்துக்கு வந்துபோகும் வல்லுநர்களின் பார்வைச் சாய்வுகளைப் பட்டியலிட்டார். சாலையோரச் சாய்வு, திட்டச் சாய்வு, ஆள் சாய்வு ஆகியவற்றோடு ‘வறண்ட பருவச் சாய்வு’ என்ற ஒன்றையும் அவர் குறித்தார். மழைக்காலத்தில்தான் ஊர்ப்புற ஏழைகள் பசியாலும் நோயாலும் கடன்சுமையாலும் மிகவும் வாடுகின்றனர். ஆனால் வல்லுநர்கள் சேறு காய்ந்து, அறுவடை முடிந்து, சாலை நன்றாக இருக்கும்போதுதான் வருகின்றனர். நாற்பது ஆண்டுகளாக முறையியல் வகுப்புகளில் இந்நூல் படிக்கப்படுகிறது. தேர்வில் எழுதியும் ஆகிறது. காஷ்மீருக்குப் பயணச்சீட்டு எடுக்கும் நேரத்தில் மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை. தென்னாட்டுப் பல்கலைக்கழகங்களின் நீண்ட விடுமுறை மே, ஜூனில் வருகிறது. புல்வெளிகள் பச்சைபிடித்திருக்கும் காலமும் அதுவே. ஜம்மு-ஸ்ரீநகர் நெடுஞ்சாலை பனியாலும் மண்சரிவாலும் அடைபடும் ஜனவரியில் களப்பணிக்கு விண்ணப்பிப்பவரை நெறியாளரே தடுத்துவிடுவார். இவ்வாறு, வறண்ட பருவச் சாய்வு இமயத்தில் கோடைச் சாய்வாக உருமாறியிருக்கிறது.

அதன் விளைவு, ‘ஆயர் வாழ்வு’ என்றாலே நகர்வு என்று பொருள்படத் தொடங்கிவிட்டது. மலையேறும் மந்தை, தற்காலிகக் குடில், திறந்த வானம். பக்கர்வால் மக்களின் நெடும்பயணத்தைப் பொறுத்தவரை இச்சித்திரம் பொருந்தும். ஆனால் பள்ளத்தாக்கின் செம்மறிகளில் பெரும்பகுதி, ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது என்று நிலைத்த விவசாயிகளிடம் இருக்கிறது. அவர்கள் நெல் பயிரிடுவார்கள், ஆப்பிள் மரம் வைத்திருப்பார்கள், ஆடும் வளர்ப்பார்கள். இளவேனில் முடிவில் ஊராரின் ஆடுகளையெல்லாம் சேர்த்து, தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, மேல்புல்வெளிக்கு ஓட்டிச்செல்பவர் சோபான் எனப்படும் மேய்ப்பர். அவர்களில் பலர் நிலமற்றவர்கள். இலையுதிர்காலத்தில் மந்தை இறங்கிவந்ததும் அவரவர் ஆடு அவரவர் வீட்டுக்குப் பிரிந்துபோகிறது. அதன்பின் பனி உருகிப் புல் முளைக்கும்வரை ஆடு கொட்டிலில்தான். ஓராண்டில் ஏறத்தாழ அரைப்பங்கை அந்த ஆடு வீட்டோடு கழிக்கிறது. அசையாமல் நிற்கும் அந்த அரைப்பங்கு, நகர்வை மட்டுமே தேடிப் போகும் ஆய்வேட்டுக்குள் வருவதில்லை.

இனி அந்த ‘ஓய்வு’க்குள் நுழைந்து பார்க்கலாம். இருபது செம்மறிகள் உள்ள வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முப்பத்தைந்து நாற்பது கிலோ எடையுள்ள ஆடு, தன் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் மூன்றரைப் பங்கு உலர்தீவனம் தின்னும். சராசரியாக நாளுக்கு ஒன்றேகால் கிலோ என்று வைத்தால், இருபது ஆடுகளுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ. கொட்டிலில் அடைபட்டிருக்கும் 110 நாளுக்கு 2,750 கிலோ. இந்த இரண்டே முக்கால் டன்னும் முதல் பனி விழும்முன் வீடு வந்து சேர்ந்திருக்க வேண்டும். நெல் வைக்கோல், வரப்பில் அறுத்த புல், சோளத்தட்டை, வில்லோ மரத்திலும் பாப்லரிலும் கழித்து உலர்த்திய இலைக்கட்டு, கடுகுப் பிண்ணாக்கு, தவிடு, உப்பு. கிரிக்கெட் மட்டைக்குப் பேர்போன அதே வில்லோதான் ஆட்டுக்கு இலை தருகிறது. 1895இல் வெளிவந்த ‘தி வேலி ஆஃப் காஷ்மீர்’ நூலில், நிலவரித் திட்ட அலுவலரான வால்டர் லாரன்ஸ் இந்தக் குளிர்காலத் தீவனச் சேமிப்பை எழுதிவைத்திருக்கிறார். வரி மதிப்பிட வந்தவரின் கண்ணில் பட்டது, அறிவு தேடிப் போகிறவர்களின் கண்ணில் படுவதில்லை.

சேமிப்பது பாதிதான், பங்கிடுவது மீதி. இங்கே காலக்கணக்கு குறுக்கிடுகிறது. காஷ்மீரில் கடுங்குளிரை மூன்றாகப் பகுத்திருக்கிறார்கள். டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரை நாற்பது நாள் சில்லை கலான். அடுத்த இருபது நாள் சில்லை குர்த். கடைசிப் பத்து நாள் சில்லை பச்சா. பெருங்குளிர், சிறுகுளிர், குழந்தைக்குளிர் என்று படிப்படியாக இறங்கும் வரிசை. சுற்றுலாக் கட்டுரைகளில் இந்தப் பெயர்கள் அழகுக்காக இடம்பெறுகின்றன. சினை ஆட்டின் கணக்கோ இதற்கு நேர்மாறாக ஏறுகிறது. செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். அக்டோபர் நடுவில் கிடா சேர்ந்த ஆடு மார்ச் இரண்டாம் வாரத்தில் குட்டி ஈனும். கருவிலிருக்கும் குட்டியின் வளர்ச்சியில் நூற்றுக்கு எழுபது பங்கு கடைசி ஆறு வாரத்தில் நடக்கிறது. அந்த ஆறு வாரம் தொடங்குவது ஜனவரி இறுதியில், சரியாகச் சில்லை கலான் முடியும் வேளையில். குளிர் குறைகிறது என்று மனிதர் பெருமூச்சு விடும்போதுதான் ஆட்டின் தேவை ஏறத் தொடங்குகிறது. தீவனக் குவியலோ அப்போது பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும்.

ஆகவே, டிசம்பரிலேயே நல்ல புல்லைப் போட்டுத் தீர்த்த வீடு பிப்ரவரியில் தோற்கும். முரட்டு வைக்கோலை முன்னால் கழித்து, இலைக்கட்டையும் பிண்ணாக்கையும் தவிட்டையும் பின்னுக்குக் காத்துவைக்க வேண்டும். வளரும் கரு வயிற்றில் இடத்தை அடைத்துக்கொள்வதால், சினை முற்றிய ஆட்டால் ஒரே வேளையில் நிறையத் தின்ன இயலாது. தேவை கூடும்போது கொள்ளளவு குறைகிறது. குறைந்த அளவில், செறிந்த தீவனம் தரவேண்டும். இரட்டைக்குட்டி சுமக்கும் ஆட்டுக்கு இதில் பிசகினால், உடல் தன் கொழுப்பையே கரைத்துக் கரைத்து நஞ்சேறும். ஆடு தீவனத்தை மோந்துவிட்டுத் திரும்பும். மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும். சுவரில் தலையை முட்டுக்கொடுக்கும். மூச்சில் ஒருவித இனிப்பு வாடை வீசும். முதல் அறிகுறியிலேயே கண்டவருக்கு ஆடு பிழைக்க வாய்ப்பு உண்டு. கடைசி அறிகுறியில் கண்டவருக்குத் தாயும் போகும், குட்டிகளும் போகும். இளவேனில்வரை பத்து நாள் கூடுதலாகப் பனி நீடித்தால் இன்னொரு 250 கிலோ தீவனம் வேண்டும். அதை எங்கிருந்து, என்ன விலைக்கு வாங்குவது என்ற முடிவையும் யாரோ ஒருவர் எடுத்தாக வேண்டும்.

அடுத்தது காற்று. அடர்ந்த உரோமமுள்ள செம்மறி உலர்ந்த குளிரைத் தாங்கும். ஈரத்தையும் நேரே வீசும் ஊதற்காற்றையும் தாங்காது. குளிருக்கு அஞ்சி எல்லாத் துவாரங்களையும் அடைத்தால், மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். சளிக்காய்ச்சல் மந்தையைப் பிடிக்கும். ஆளின் தலையுயரத்தில் தெரியாத நெடி ஆட்டின் தலையுயரத்தில் தெரியும். குனிந்து பார்த்தால்தான் கண் எரியும். கூரையோரத்தில் காற்றுக்கு வழி விட்டு, தரைமட்டத்தில் ஊதற்காற்றை அடைக்க வேண்டும். தரையின் ஈரத்தை உறிஞ்சக் காய்ந்த சருகும் கழிவு வைக்கோலும் பரப்ப வேண்டும். நனைந்ததை அள்ள வேண்டும். அள்ளியதை வீசியெறிவதில்லை. இளவேனிலில் காய்கறித் தோட்டத்துக்கும் ஆப்பிள் மரத்துக்கும் அதுதான் எரு.

நடையில்லாததால் தேயாமல் வளர்ந்துவிடும் குளம்பைச் சீவ வேண்டும். நெருக்கியடித்து நிற்பதால் பெருகும் பேனையும் சொறியையும் உரோமத்தை விலக்கிப் பார்க்க வேண்டும். சதுப்பு வயல்களில் மேய்ந்த ஆட்டுக்கு ஈரல் தட்டைப்புழு இருக்கிறதா என்று கீழிமையின் வெளுப்பைப் பார்க்க வேண்டும். உறைந்த நீரை ஆடு வேண்டிய அளவு குடிக்காது. நீர் குறைந்தால் உலர்தீவனமும் இறங்காது. எனவே குளிர் முறித்த நீர் வைக்க வேண்டும். வெயில் எட்டிப்பார்க்கும் பகலில் முற்றத்துப் பனியை ஒதுக்கி ஆடுகளைச் சற்றே வெளியே விட வேண்டும். வலுத்த ஆடு தள்ளிவிடுவதால் தீவனம் எட்டாத மெலிந்த ஆட்டைப் பிரித்துக் கட்ட வேண்டும். எது மெலிந்தது என்று கண் சொல்லாது, உரோமம் மறைத்துவிடும். இடுப்பெலும்பின் மேல் விரல்களை அழுத்திப் பார்க்கும் கைதான் சொல்லும். இந்தக் கைமுறையை 1961இல் ஆஸ்திரேலியாவில் ஜெஃப்ரீஸ் மதிப்பெண் அளவுகோலாக வகுத்து வெளியிட்டார். இன்று அது கால்நடை அறிவியலின் அடிப்படைப் பாடம். ஏட்டில் ஏறினால் அது ‘உடல்நிலை மதிப்பீடு’. கொட்டிலில் ஒரு பெண்ணின் விரலில் இருந்தால் ‘திறன் தேவைப்படாத பராமரிப்பு’.

இறுதியாக ஈற்றுக்காலம். இரவில் எழுந்து பார்க்க வேண்டும். பிறந்த குட்டியை உலர்த்தி, தொப்புளுக்கு அயோடின் தடவி, முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். அந்தச் சில மணி நேரம் கடந்தால் நோயெதிர்ப்பு ஆற்றலைப் பெறும் வாய்ப்பும் கடந்துவிடும். நடுங்கும் குட்டி அடுப்படிக்கு வரும். குட்டியை ஏற்க மறுக்கும் தாயைப் பிடித்து நிறுத்திப் பால் குடிக்க விட வேண்டும். இவ்வளவும் நடக்கும் பருவத்துக்குத்தான் ஆய்வேட்டில் ‘ஓய்வு’ என்று பெயர்.

இந்த வேலைகளைப் பெரும்பாலும் செய்பவர்கள் வீட்டுப் பெண்களும் முதியோரும். இங்கே சொல்லின் அரசியல் நேரடியாகப் புள்ளிவிவரமாக உறைகிறது. 2017இல் தொடங்கப்பட்ட காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு ஒவ்வொருவரின் செயல்பாட்டுக்கும் ஒரு குறியீடு இடுகிறது. வீட்டு நிறுவனத்தில் ஊதியமின்றி உதவியவருக்கு 21, அவர் தொழிலாளர். வீட்டுவேலை மட்டும் செய்தவருக்கு 92. வீட்டுவேலையோடு வீட்டுப் பயன்பாட்டுக்காகக் காய்கறி, கிழங்கு, விறகு, கால்நடைத் தீவனம் முதலியவற்றை விலையின்றிச் சேகரித்தவருக்கும், தைத்தவருக்கும், நெய்தவருக்கும் 93. இந்த 92, 93 இரண்டும் உழைப்புப் படைக்கு வெளியே. ‘கால்நடைத் தீவனம்’ என்ற இரு சொல் அந்தப் பட்டியலில் விறகுக்கும் தையலுக்கும் இடையே கிடக்கிறது. வில்லோ இலைக்கட்டைச் சுமந்து வந்து, பங்கிட்டு, சினை ஆட்டுக்கு ஊட்டி, சந்தைக்குப் போகும் மந்தையைக் குளிர்காலம் தாண்டவைத்த பெண், அதே நாளில், அதே வேலைக்காக, 21 ஆகவும் முடியும், 93 ஆகவும் முடியும். எது என்பது கணக்கெடுப்பாளர் என்ன வினைச்சொல்லால் கேட்டார், வீட்டில் யார் பதில் சொன்னார் என்பதைப் பொறுத்தது. ‘வேலை செய்கிறாரா?’ என்று கேட்டால் ‘இல்லை, வீட்டில்தான் இருக்கிறார்’ என்ற பதில் வரும். ‘ஆட்டைக் குளிர்காலத்தில் பார்த்துக்கொள்வது யார்?’ என்று கேட்டால் வேறு பதில் வரும். மொழியியலாளருக்கு இதைவிடக் கூர்மையான ஆய்வுப்பொருள் வேண்டுமா?

‘கணக்கெடுப்புக்கு ஒரு வரையறை வேண்டுமல்லவா, எல்லாவற்றையும் உழைப்பு என்று எழுத முடியுமா’ என்று பொருளியல் நண்பர்கள் கேட்பார்கள். வரையறை ஏற்கெனவே இருக்கிறது. முந்தைய 365 நாளில் 30 நாளுக்குக் குறையாமல் பொருளியல் செயல்பாட்டில் ஈடுபட்டவர் துணைநிலையிலேனும் தொழிலாளர்தான் என்பது அக்கணக்கெடுப்பின் விதி. கொட்டில் பருவம் நூறு நாளைத் தாண்டுகிறது. விதி கேட்பதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். விதியில் குறையில்லை. ‘உதவி’, ‘பார்த்துக்கொள்ளுதல்’, ‘வீட்டோடு இருத்தல்’ என்ற சொற்கள் விதிக்கும் வாழ்க்கைக்கும் நடுவே சுவராக நிற்கின்றன. 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஒருவரின் இருபத்துநான்கு மணி நேரத்தையும் அரைமணிக் கூறுகளாகக் கேட்டது. இந்தச் சுவரில் விழுந்த முதல் விரிசல் அது. ‘தொழில் என்ன?’ என்று கேட்காமல் ‘அப்போது என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டால் விடை மாறும் என்பதற்கு அதுவே சான்று.

கால்நடை வல்லுநர்களின் மொழி வேறொரு வகையில் அழிக்கிறது. பரிந்துரை ஏடு எதையும் திறந்தால், தீவனம் ‘அளிக்கப்பட வேண்டும்’, தரை ‘உலர்வாக வைக்கப்பட வேண்டும்’, குட்டி ‘கண்காணிக்கப்பட வேண்டும்’. அத்தனையும் சரியான அறிவுரை, அத்தனையும் செயப்பாட்டுவினை. யாரால் என்ற சொல் எங்கும் இல்லை. தமிழ் ஆய்வுநடை இந்த நோயை நன்கறியும். ‘ஆராயப்பட்டது’, ‘கண்டறியப்பட்டது’ என்று எழுதி எழுதி எழுவாயைத் தொலைத்த நடை அது. பரிந்துரை ஏட்டில் எழுவாய் தொலைவது நடைக்குறை என்ற அளவில் நிற்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழ வேண்டியவர் யார் என்று எழுதாத பரிந்துரை, அவர் தூக்கத்துக்கு விலை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறது.

மொழியியலாளர்கள் இந்த விசாரணையில் வெளியே நின்று வேடிக்கை பார்க்க இயலாது. மோரிஸ் ஸ்வாதேஷின் 207 சொற்பட்டியலில் பனி உண்டு, பனிக்கட்டி உண்டு, உறைதல் உண்டு, உப்பு உண்டு, புல் உண்டு, செம்மறி இல்லை. எல்லா மொழிகளையும் ஒப்பிட வகுத்த பட்டியலிலிருந்து அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. குறை அப்பட்டியலில் இல்லை; பட்டியலை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் பழக்கத்தில் இருக்கிறது. ஆயர் சமூகங்களின் சொற்களைத் திரட்டப் போகிறவர், ஆட்டின் வயதுப் பெயர், நிறப் பெயர், காதுப் பெயர், நோய்ப் பெயர் என்று பெயர்ச்சொல்லாகவே அள்ளி வருகிறார். கோடைப் புல்வெளியில் உட்கார்ந்து விரல்நீட்டிக் கேட்டால் கிடைப்பது பெயர்ச்சொல்தான். பங்கிடு, காத்துவை, அழுத்திப்பார், பிரித்துக்கட்டு, விட்டுப்பிடி என்று அறிவு வினைச்சொல்லில் வாழும் இடம் கொட்டில். ‘இன்றைக்கு இவ்வளவு போதும்’ என்ற தொடரில் உள்ள ‘போதும்’ எத்தனை கிலோ, எந்த ஆட்டுக்கு, எந்த வாரத்தில் என்பதை எந்த அகராதியும் தராது. அங்கே நூறு நாள் நின்றவர் தருவார். அழிந்துவரும் சொற்களின் அருங்காட்சியகம் ஒன்றைக் கட்டி, அச்சொற்களை உயிரோடு வைத்திருக்கும் வேலையைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஆவணப்படுத்தல் ஆகாது. அது ஒருவகைக் கொள்முதல்.

இதையெல்லாம் ‘மரபறிவைப் போற்றுதல்’ என்ற பெட்டிக்குள் அடைத்துவிட ஒரு கூட்டம் காத்திருக்கும். அவர்களுக்கும் இடம் தரலாகாது. மரபு எல்லாவற்றிலும் சரி என்று இங்கே வாதம் இல்லை. குளிருக்கு அஞ்சிக் கொட்டிலைக் காற்றுப்புகாமல் அடைப்பது தவறு. அது நுரையீரலைக் கெடுக்கும். சினை ஆட்டுக்கும் மலட்டு ஆட்டுக்கும் ஒரே அளவு போடுவது தவறு. தட்டைப்புழுவுக்கு மருந்து தராமல் தவிட்டைக் கூட்டுவது வீண்செலவு. தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் ஆய்வுக்கூடமும் அந்த வீடுகளுக்கு வேண்டும். இன்னும் கூடுதலாக வேண்டும். ‘மரபறிவு’ என்று புகழ்ந்து பூப்போட்டு ஒதுக்குவதும், ‘திறனற்ற வேலை’ என்று இகழ்ந்து ஒதுக்குவதும் முடிவில் ஒரே இடத்தில் கொண்டுவிடும். இரண்டிலும் அந்தப் பெண்ணோடு வாதிட வேண்டிய தேவை எழுவதில்லை. ஒரு முடிவை அறிவு என்று உண்மையாக ஏற்றுக்கொண்டால், அது தவறாகவும் இருக்கலாம் என்று அவரோடு நேருக்கு நேர் விவாதிக்க வேண்டிவரும். மதிப்பு என்பது அதுதான்.

சொல்லில் என்ன இருக்கிறது, திட்டங்கள் வந்தால் எல்லாம் சரியாகும் என்போர் திட்டங்களையே பார்க்கட்டும். ஜம்மு-காஷ்மீர் நிர்வாகம் ஐந்தாண்டுகளுக்கு 5,013 கோடி ரூபாயில் 29 திட்டங்கள் கொண்ட முழுமை வேளாண் மேம்பாட்டுத் திட்டத்தை 2022இல் அறிவித்தது. ஆட்டிறைச்சியில் தன்னிறைவு அதன் இலக்குகளுள் ஒன்று. வெளி மாநிலங்களிலிருந்து லாரி லாரியாக ஆடு வந்திறங்கும் நாட்டில் அது நல்ல இலக்கே. ஆனால் இலக்கு எண்ணப்படுவது ஆட்டுத் தலையில். 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பும் இந்தியாவில் 7.43 கோடிச் செம்மறிகள் என்று தலையைத்தான் எண்ணியது. ஒரு வீட்டில் இருபது ஆடு முப்பது ஆனால், குளிர்காலத் தீவனம் 2,750 கிலோவிலிருந்து 4,125 கிலோவாக உயரும். நாள்தோறும் சுமக்க வேண்டியது 25 கிலோவிலிருந்து முப்பத்தேழரையாகும். ஈற்றுக்கால இரவுகள் நீளும். அதே காலத்தில் நெல்வயல்கள் ஆப்பிள் தோட்டங்களாக மாறிவருகின்றன, வைக்கோல் குறைகிறது, மருந்தடித்த தோட்டத்துப் புல்லை நம்பி ஆட்டுக்குப் போட முடியாது. கூடுதல் தீவனம் எங்கிருந்து வரும் என்பதற்கு விலையையேனும் குறிக்கலாம். கூடுதல் உழைப்பு எங்கிருந்து வரும் என்பதற்கு, கணக்கில் இல்லாத ஒன்றிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதே விடையாகிவிடும். ‘ஓய்வுக்காலம்’ என்ற சொல் செய்யும் உண்மையான தீங்கு இதுவே. ஓய்வில் இருப்பவர் மேல் இன்னும் பத்து ஆட்டை ஏற்றலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

என்ன செய்யலாம் என்பதில் மறைபொருள் ஏதும் இல்லை.

ஒன்று, மலைநாட்டு ஆயர் வாழ்வு பற்றிய எந்த ஆய்வேட்டுக்கும் குளிர்காலக் களப்பணி கட்டாயமாகட்டும். முழுப் பருவம் இயலாதெனில், ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் நடுவரையிலான ஆறு வாரமேனும். நிதியும் விடுப்பும் வழங்கும் குழுக்கள் நாட்காட்டியை ஆட்டின் கணக்குக்கு ஏற்ப மாற்றட்டும்.

இரண்டு, தொழிலாளர் கணக்கெடுப்பில் கால்நடை பற்றிய வினாக்களை வேலையின் பெயரால் கேட்பதைவிட வினைச்சொல்லால் கேட்கும் முறையை மொழியியல் துறைகள் உருவாக்கித் தரட்டும். எந்த மொழியில் எந்த வினைச்சொல் 21ஐத் தருகிறது, எது 93ஐத் தருகிறது என்பது ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான, நாட்டுக்கும் பயன்படும் தலைப்பு.

மூன்று, 2020 முதல் காஷ்மீரி அங்கே அலுவல் மொழிகளுள் ஒன்று. குளிர்காலப் பராமரிப்புப் பரிந்துரைகள் அம்மொழியில், எழுவாயோடு, அவ்வேலையைச் செய்பவரை முன்னிலையில் விளித்து எழுதப்படட்டும். எழுதியது பொருந்துகிறதா என்று அவர்களிடமே படித்துக்காட்டித் திருத்தப்படட்டும்.

நான்கு, ‘துணைத் தொழில்’, ‘ஓய்வுப் பருவம்’, ‘திறனற்ற’ என்ற சொற்களை ஆய்வேட்டில் எழுதும் ஒவ்வொருவரிடமும் வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி கேட்கப்படட்டும்: இருபது ஆடு, 110 நாள், பாதி தீர்ந்த தீவனம், அவற்றுள் எட்டுச் சினை. பிப்ரவரி முதல் நாள் காலையில் எந்த ஆட்டுக்கு எதை எவ்வளவு போடுவீர்கள்?

விடை தெரியாதவர் அந்தச் சொற்களை அடித்துவிட்டுப் பட்டம் பெற்றுக்கொள்ளட்டும்.